மூன்றாவது சிலிண்டர்

இருபத்திரண்டு வருடமாக அடையாறில் பல் மருத்துவம் பார்க்கிறேன். சீழ் வடியும் ஈறு, நாலு நாளாகப் பல்லிடுக்கில் கிடந்து அழுகிய இறைச்சித் துணுக்கு, புகையிலைக் கறை, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம் திறங்க" என்று சொல்லிவிட்டு, மத்தியானம் அதே கையால் தயிர் சாதம் சாப்பிட்டிருக்கிறேன். அருவருப்பு எனக்கு மரத்துப்போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு போன மழைக்காலத்தோடு போயிற்று. அதற்குக் காரணம் எங்கள் வீட்டுக் கார்.

ஏழு பேர் உட்காரும் பெரிய பெட்ரோல் வண்டி. மயிலாப்பூரில் எங்கள் சந்துக்குள் அதைத் திருப்புவதற்கு எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை நகர்த்த வேண்டும். வீட்டில் இருப்பது மூன்று பேர்: நான், என் கணவர், அவருடைய அப்பா. ஏழு இருக்கை எதற்கு என்று வாங்கும்போது யாரும் கேட்கவில்லை. சந்தில் எல்லாரும் வாங்கினார்கள், நாங்களும் வாங்கினோம்.

மாமனாருக்கு எண்பத்தொரு வயது. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் ஆங்கிலப் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். மளிகைக் கடை நோட்டீஸ் வந்தால்கூட சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்துவிடுவார். ஆடி மாதக் கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையில் வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஒரு மாதம் நானும் கணவரும் மாறி மாறி ஆட்டோவில் போய்வந்தோம். கார் வீட்டு வாசலில் உறை போட்டபடி அசையாமல் நின்றது.

அவர் வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கியதும் செவ்வாய், வெள்ளிகளில் அடையாறில் பிசியோதெரபி. என் கிளினிக்குக்குப் பக்கம்தான். காலையில் நானே அழைத்துப் போய் விட்டுவிட்டு, முடிந்ததும் ஆட்டோ பிடித்து அனுப்பிவிடுவேன்.

உறையைக் கழற்றி எடுத்த முதல் நாளே வண்டி சரியில்லை. சிக்னலில் நிற்கும்போது விக்கல் வந்த ஆள் மாதிரி ஒரு உதறல், ஒரு இடைவெளி, மறுபடி ஒரு உதறல். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்கிவிட்டு அணைந்துவிடும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி யோசித்துவிட்டுத்தான் நகரும். "ரொம்ப நாள் நின்னுண்டிருந்ததுல்ல, ஓட்ட ஓட்டச் சரியாயிடும்," என்றார் கணவர். அவருக்கு எல்லாமே ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல மழை. அடையாறு பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தேன். உறுமி, உதறி, அணைந்தது. பின்னாலிருந்து ஒரே ஹாரன். பக்கத்தில் மாமனார் முன்சீட்டில் கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் அவர் நீர் மாத்திரை சாப்பிடுவார். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் சேர்த்துக் கொடுத்தது. சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

"இன்னும் எவ்வளவு நாழியாகும்மா?" என்றார்.

"இதோ, அஞ்சு நிமிஷம்ப்பா."

அரை மணி ஆயிற்று. அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மன்னிச்சுக்கோம்மா," என்று மட்டும் சொன்னார். வேட்டி நனைந்திருந்தது. கிளினிக் பையிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். "இதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்று, நோயாளிகளிடம் பேசும் குரலில் சொன்னேன். அந்தக் குரல் எனக்கு எப்போதும் கைவசம் இருக்கும்.

அன்றைக்கு நான்கு பேர் தள்ளி வண்டியை ஓரம் கட்டினார்கள். மழை விட்ட பிறகுதான் அது கிளம்பியது. மறுநாள் சீட்டை சோப்பு போட்டு, வினிகர் போட்டு, சமையல் சோடா தூவித் துடைத்தேன். வெயில் வந்த அன்று கதவுகளைத் திறந்து வைத்துக் காயவிட்டேன். ஆனால் அடுத்த செவ்வாய் ஏறி உட்கார்ந்தபோது உள்ளே மூத்திர நாற்றம். ஒரு வாரம் போக, அதனடியில் வேறு ஒன்றும் சேர்ந்துகொண்டது, இனிப்பாக, கெட்டுப்போனதாக. ஏசி போட்டால் கூடும், அணைத்தால் குறையும். இது ஏன் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஒரு நோயாளி வந்து குளிர்ந்த தண்ணீர் குடித்தால்தான் வலிக்கிறது என்று சொன்னால், அதிலிருந்து எந்தப் பல், எந்த ஆழம் என்று பிடித்துவிடுவேன். இங்கே எனக்குப் பதில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்தது.

சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் கையில் டேப்லெட்டுடன் வந்தார். கம்ப்யூட்டரை வண்டியில் செருகி, "மூணாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர் காட்டுது மேடம். நாலு சிலிண்டரும் மாறி மாறி எரியணும். மூணாவது சரியா எரியல, அதான் உதறுது. ஸ்பார்க் பிளக் மாத்திடலாம்," என்றார்.

"மூணாவதுல மட்டும் ஏன் எரியல?"

"சிஸ்டம் அப்படித்தான் காட்டுது மேடம். வேற எதாவது கம்ப்ளைன்ட் இருக்கா?"

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அந்தத் தாழ்த்தலை இப்போது நினைத்தாலும் எனக்கு ஏதோ செய்கிறது. "உள்ள ஒரு ஸ்மெல் இருக்கு. எங்க மாமனார் வயசானவர். ஒரு தடவை வண்டியில... புரியறதா?"

"புரியுது மேடம்," என்று தட்டச்சு செய்துகொண்டார்.

மாலையில் வண்டியைக் கொடுக்கும்போது பணிச்சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். நான் அதைப் படிக்காமல் முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்குள் தள்ளினேன். கண்ணாடியில் எலுமிச்சை மணக்கும் ஒரு பச்சை அட்டை தொங்கியது. இரண்டு நாள் எலுமிச்சையும் மூத்திரமும் சேர்ந்து மணந்தன. உதறலும் திரும்பிவிட்டது.

அப்புறம்தான் அந்தப் பிளாஸ்டிக் விரிப்பு. குழந்தைகளுக்குப் படுக்கையில் போடுவார்களே, மேலே துணியும் கீழே பிளாஸ்டிக்கும். பாண்டிபஜாரில் வாங்கி, முன்சீட்டில் விரித்து, மேலே ஒரு பழைய பருத்தித் துண்டைப் போட்டு மறைத்தேன். மாமனார் உட்கார்ந்ததும் அது சரசரவென்று சத்தம் போட்டது. அவர் துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி ஒழுங்காக மூடினார். பெல்ட்டை மாட்டிக்கொண்டார். பட்டினப்பாக்கம் மீன்கடைகளைத் தாண்டும்போது நான் கண்ணாடியை இறக்கினேன். பிறந்ததிலிருந்து மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்தியவள், அன்று அது உள்ளே வரட்டும் என்று விரும்பினேன். அவருக்குத் தெரிந்திருக்கும். மனிதர் ஒற்றை எழுத்துப் பிழையைக்கூட விடாதவர்.

அதற்கடுத்த வாரம் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் இனிமே ஆட்டோலயே போய்க்கறேன்மா. முனையில இருக்கிற பையன் நன்னா ஓட்டறான். உனக்கும் லேட்டாகாது," என்றார்.

"எதுக்குப்பா? வாக்கரை வெச்சுண்டு ஏறி இறங்கணுமே."

"அவன் பிடிச்சுப்பான்."

நான் ஒருமுறைக்கு மேல் மறுக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இரவு சாப்பிடும்போது கணவரும், "நல்லதாப் போச்சு, வண்டி கொஞ்சம் காத்தாடட்டும்," என்றார்.

வண்டி காற்றாடவில்லை. அவர் ஏறாமல் மூன்று வாரம் ஆகியும் நாற்றம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். சீட்டின் பஞ்சுக்குள் இறங்கிவிட்டது, சீட்டையே மாற்ற வேண்டும் என்று முடிவு கட்டினேன். மிஸ்ஃபயருக்கு இரண்டாம் முறை சர்வீஸ் சென்டர் போனதில், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில்கள் நான்கையும் மாற்றினார்கள். நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் மழை பெய்தது, உதறியது. மூன்றாம் முறை, "எஞ்சினை எறக்கித்தான் பாக்கணும் மேடம்," என்றார் அதே அடையாள அட்டைக்காரர். வலிக்கிற பல் எது என்று தட்டிப் பார்க்காமல் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டே போகிற ஆட்கள் என் தொழிலிலும் உண்டு. அவர்கள் கெடுத்து அனுப்பிய வாய்கள் என்னிடம் வரும். வாய் பேசாத வண்டியாக இருந்தால் இன்னும் வசதி.

அந்த வாரம் கடைவாய்ப் பல் உடைந்து ஒருவர் வந்தார். கோடம்பாக்கத்தில் ஷெட் வைத்திருப்பவர்; படப்பிடிப்புக்குப் போகும் ஜெனரேட்டர் வேன்களையும் கார்களையும் பழுது பார்ப்பவர். எந்தப் பல் என்று அவருக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டி, ஒவ்வொன்றின் மேலும் குளிர்ந்த பஞ்சை வைத்து, கடிக்கச் சொல்லிப் பிடித்தேன். முடிந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, "நாங்க மிஸ்ஃபயர் பாக்குற மாரியே கீது டாக்டரம்மா," என்றார்.

நான் கையுறையைக் கழற்றாமலே என் வண்டிக் கதையைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம எடுத்துக்கினு வாங்க. எஞ்சின எறக்கறதாம், இன்னா பேச்சு அது," என்றார்.

அவருடைய ஷெட்டில் நான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அவர் எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு சின்ன ஸ்கேனரைச் செருகினார், மூன்றாவதுதான். மூன்றாவது காயிலை எடுத்து ஒன்றாவதில் போட்டார், ஒன்றாவதை மூன்றாவதில் போட்டார். "காயில் கெட்டுருந்தா கோளாறும் கூடவே ஒண்ணாவதுக்குப் போவும். பாருங்க, போவல." பிளக்கையும் அப்படியே மாற்றினார். கோளாறு நகரவில்லை. பின் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். நான்கையும் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டு என் காதிலும் வைத்தார். ஒன்றும் இரண்டும் நான்கும் டிக் டிக்கென்று சீராக அடித்தன. மூன்றாவது மட்டும் ஒரு முறை அடித்து, இரண்டு முறை விட்டு, மறுபடி அடித்தது.

"இதுக்கு கரண்டு வந்து வந்து போவுது. ஒயர்தான். ஈரம் பட்டா ஜாஸ்தியாவும்," என்றார். பிறகு மூக்கைச் சுளித்தார். "இது இன்னா நாத்தம்?"

நான் வாயைத் திறந்தேன். அதே பதில், அதே தாழ்ந்த குரல், தயாராக இருந்தது. சொல்வதற்குள் அவர் காற்று வடிகட்டும் பெட்டியைக் கழற்றித் தூக்கிவிட்டார்.

அங்கே ஒரு கூடு இருந்தது. எஞ்சின் மூடியின் அடியிலிருந்து பிய்த்த பஞ்சு, பூ நார், பால் பாக்கெட் துண்டு, எங்கள் வீட்டு முகக்கவசம் ஒன்றின் நீல நிற வார். எல்லாம் மூத்திரத்தில் ஊறிக் காய்ந்து, ஊறிக் காய்ந்து, ஒரே அடையாகியிருந்தது. நடுவில் எலிப் புழுக்கை. கூட்டுக்கு ஓரமாகப் போகும் கம்பிக் கற்றையில் ஒரு விரல் நீளத்துக்கு மேலுறை கடித்துத் தின்னப்பட்டு, செம்பு வெளியே தெரிந்தது. அவர் வண்டிக்குள் போய், முன்பெட்டிக்குப் பின்னாலிருந்த ஏசி ஃபில்டரை உருவினார். அதன் மடிப்புகளில் நான்கு எலிக்குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மூன்று காய்ந்துவிட்டன. ஒன்று இன்னும் காயவில்லை, அதில் ஏதோ நெளிந்தது. இரண்டு மாதமாக நாங்கள் அதன் வழியே வந்த காற்றைத்தான் குளிர்ச்சியாகச் சுவாசித்துக்கொண்டிருந்தோம்.

நான் எழுந்து ஷெட் வாசலுக்குப் போய் வாந்தியெடுத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

"வாய்க்குள்ளல்லாம் பாக்குறீங்களே டாக்டரம்மா," என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார் அவர். "வண்டி ரொம்ப நாளு நின்னுகினு இருந்துச்சா?"

"ஒரு மாசம்."

"அதான் குடும்பமே வந்துகீது. சர்வீஸ்ல இத்த யாரும் பாக்கலியா?"

ஃபில்டரெல்லாம் பார்த்தாயிற்று என்று அவர்கள் சொன்ன ஞாபகம். காட்டலாம் என்று பணிச்சீட்டைத் தேடினேன். ஃபில்டரை உருவுவதற்காகப் பெட்டியிலிருந்ததையெல்லாம் அவர் முன்சீட்டில் குவித்திருந்தார். முதல் முறை கொடுத்த சீட்டை உறையிலிருந்து எடுத்துப் படித்தேன். ஏசி ஃபில்டர்: பார்க்கப்பட்டது, சரி. டிக் போட்டிருந்தது. அதற்கு மேல், வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில், ஆங்கிலத்தில், மூத்த பயணியின் சிறுநீர் நாற்றம் என்று அச்சாகியிருந்தது. நாற்றத்துக்கான சொல்லில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு சின்னக் கூரைக்குறி போட்டு, மேலே நீலப் பேனாவால், நடுங்காத கையெழுத்தில், விட்டுப்போன எழுத்து சேர்க்கப்பட்டிருந்தது.

எப்போது படித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பெட்ரோல் போட இறங்கிய ஏதோ ஒரு காலையாக இருக்கும். படித்து, திருத்தி, மடித்து, இருந்த உறையிலேயே வைத்திருக்கிறார். அப்போதுகூட அவருடைய பேனா எழுத்துப் பிழையைத்தான் திருத்தியது. பொய்யை அடிக்கவில்லை. அது பொய் என்று அவருக்கும் தெரியாது என்பது எனக்கு அன்று மாலைதான் புரிந்தது.

மெக்கானிக் கடிபட்ட கம்பியை வெட்டி, புதுத் துண்டு வைத்துப் பற்றவைத்து, மேலே உறை போட்டு, சூடு காட்டி இறுக்கினார். கூட்டை முறத்தில் வாரிக் கொட்டி, சோப்புத் தண்ணீரால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, ஊதிக் காயவைத்தார். புது ஃபில்டர் போட்டார். ஸ்க்ரூடிரைவர் வழியாக மறுபடி கேட்கச் சொன்னார். நான்கும் ஒரே மாதிரி அடித்தன. நல்ல வேலையைப் பார்த்தால் எனக்கு வழக்கமாக வரும் சந்தோஷம் வரவில்லை. வண்டியை எடுத்தபோது உதறல் இல்லை, நாற்றம் பெரும்பாலும் இல்லை. பிளாஸ்டிக் விரிப்பை அங்கேயே குப்பையில் போட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மாமனார் பூதக்கண்ணாடியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அப்பா, கார்ல இருந்தது எலி. கூடு கட்டிக் குட்டி போட்டிருக்கு. அந்த நாத்தம் அதோடது."

கண்ணாடியைக் கீழே வைத்தார். "எலியா?"

"ஆமாம்ப்பா. ஒயரைக் கடிச்சதும் அதுதான்."

"நான்தானோன்னு நெனச்சுண்டிருந்தேன்," என்றார். "மூக்குக்கு ஒண்ணும் தெரியறதில்ல இப்பல்லாம். ரெண்டு வேளை குளிச்சுப் பார்த்தேன். அப்பறமா மாத்திரையையும் நிறுத்திட்டேன்."

"எந்த மாத்திரை?"

"நீர் மாத்திரைதான். அதனாலதானே எல்லாம். தண்ணியும் கம்மி பண்ணிண்டேன்."

வேட்டியைக் கொஞ்சம் விலக்கினேன். இரண்டு கணுக்காலும் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, படித்த டாக்டர் நான், அவர் காலைப் பார்த்து எத்தனை வாரமாயிற்று என்று தெரியவில்லை. மூக்கை மட்டும் கவனமாக வைத்திருந்தேன். ஷெட்டில் பார்த்த அருவருப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஞாயிறு என்று பார்க்காமல் அன்றைக்கே இதய மருத்துவரிடம் போனோம். "இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா மூச்சுத் திணறி அட்மிட் பண்ற மாதிரி ஆயிருக்கும்," என்றார். மாத்திரையை மறுபடி தொடங்கி, பத்துப் பன்னிரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பணிச்சீட்டையும் காட்டினேன். திருத்தத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்பா அப்பாதான்," என்றார். அன்று அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை. சிரித்து முடித்த பிறகு நெடுநேரம் அந்தக் காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த வாரமே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். எடுத்த ஃபில்டரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துப் போய் மேலாளர் மேஜையில் வைத்துத் திறந்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டார், வண்டியை இலவசமாகக் கழுவித் தருவதாகச் சொன்னார், எலி வராமலிருக்க ஒரு ஸ்பிரே இருப்பதாகச் சொன்னார்.

"எனக்கு அதெல்லாம் வேண்டாம். அந்தப் புகாரை உங்க ரெக்கார்டிலிருந்து எடுங்க."

"எது மேடம்?"

சுட்டிக் காட்டினேன். அவர் கம்ப்யூட்டரில் தேடினார். "இது க்ளோஸ் ஆன கார்டு மேடம். சிஸ்டம்ல எடிட் பண்ண முடியாது. அதுவும், கஸ்டமர் சொன்னதைத்தான் நாங்க அப்படியே போட்டிருக்கோம்."

அவர் சொன்னதில் தவறில்லை. டிக் போட்டவனை என்ன வேண்டுமானாலும் திட்டலாம். அந்த வாக்கியத்தைச் சொன்னது நான். டப்பாவை மூடாமல் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அது நியாயமில்லை என்று தெரியும். ஆனாலும் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

மாமனார் இப்போது வாக்கர் இல்லாமல் கைத்தடியோடு நடக்கிறார். பிசியோதெரபிக்கு இன்னும் அந்த ஆட்டோவில்தான் போகிறார். "வண்டி சரியாயிடுத்தேப்பா, வாங்கோ" என்று நான் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன். "அந்தப் பையனுக்குச் சொல்லிட்டேனேம்மா," என்பார். கோபமாக இல்லை, மரியாதையாக. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை கொட்டும் மழை. ஆட்டோ வரவில்லை. வேறு வழியில்லாமல் என்னோடு கிளம்பினார். முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டதும், அன்று மீன்கடைகளுக்குப் பக்கத்தில் நான் இறக்கிய மாதிரி, பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கினார். சாரல் உள்ளே அடித்து அவருடைய சட்டைத் தோள் நனைந்தது. எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. "நனையறதேப்பா, மூடிக்கோங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடையாறு வரைக்கும் அப்படியே போனோம்.